பசித்தால் மூழ்கும் பாசி: வாசகர் கேள்வி–பதில்

கடலின் நுண்பாசிகள் ஏன் சில நாள் மேலே நிற்கின்றன, ஏன் சில நாள் அடியில் போய் விழுகின்றன என்று கேட்டு வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். இறால் குஞ்சு வளர்க்கும் ஹேச்சரித் தொட்டி, கல்லூரி ஆய்வகம், மண்டபம் கடற்கரை என்று கேள்விகள் பல இடங்களிலிருந்து வந்தாலும், சுற்றி வருவது ஒரே விஷயத்தைத்தான்.

கே: பாடப்புத்தகம் ‘மிதவை உயிரி’ என்கிறது. பைட்டோபிளாங்க்டன் (மிதவை நுண்பாசி) உண்மையிலேயே மிதக்கிறதா? – அறிவியல் ஆசிரியை, கும்பகோணம்

பெரும்பாலானவை மிதப்பதில்லை; மெதுவாக மூழ்குகின்றன. காற்றும் அலையும் மேல்நீரைக் கலக்கிக்கொண்டே இருப்பதால், ஒரு முழம் இறங்கியது மறுபடி மேலே தூக்கிவிடப்படுகிறது. கலக்கல் நின்றால் இறங்கிக்கொண்டே இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். கடல்நீரின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 1025 கிலோ. செல்லில் உள்ள புரதம் சுமார் 1300, மாவுப்பொருள் 1500, டயட்டம் என்ற ஒற்றைச் செல் பாசி போர்த்தியிருக்கும் சிலிக்கா (கண்ணாடி போன்ற) ஓடு 2000-க்கும் மேல். நீரைவிட லேசானது எண்ணெய் மட்டும்தான். அது 860 அளவில் இருக்கும். 20 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள, நீரைவிடக் கன மீட்டருக்கு 50 கிலோ கனமான ஓர் உருண்டைச் செல், 20 டிகிரி கடல்நீரில், சிறு உருண்டை நீரில் விழும் வேகத்தைச் சொல்லும் ஸ்டோக்ஸ் விதிப்படி, நாளுக்கு ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் இறங்கும். விதியில் ஆரம் இருமடிப்படியில் வருகிறது. அதனால் விட்டம் 10 மடங்கானால் வேகம் 100 மடங்காகி, நாளுக்கு 90 மீட்டரை நெருங்க வேண்டும். ஆனால் உயிரோடு இருக்கும் பெரிய டயட்டம் அப்படிச் சீராக விழுவதில்லை.

காரணம் அதன் வயிற்றில் இருக்கிறது. பெரிய டயட்டத்தின் கன அளவில் பெரும்பகுதி நுண்குமிழ்ப்பை. அதாவது உப்புச்சாறு நிரம்பிய பை. அந்தச் சாற்றின் மொத்த உப்புச் செறிவு கடலுக்கு நிகர்தான், ஆனால் அயனிகள் வேறு. மக்னீசியம், கால்சியம், சல்பேட் போன்ற கனமானவற்றை வெளியே தள்ளிவிட்டு, லேசான அயனிகளை உள்ளே வைத்துக்கொள்கிறது. இந்த நிலை தானாக நிற்காது. ஓட்டைத் தோணியில் தண்ணீர் இறைப்பது போல இடைவிடாமல் சக்தி செலவழித்தால்தான் நிற்கும். கை ஓய்ந்தால் தோணி இறங்கும். உணவுச்சத்துக் குறைந்தால் மூழ்கும் வேகம் ஏறுவதற்கு அடிப்படை இதுதான். 1948-இல் கிராஸ், சூதன் இருவரும் டிட்டிலம் என்ற டயட்டத்தை வைத்து இந்த அயனி விளக்கத்தை முன்வைத்தார்கள்.

கே: எங்கள் இறால் ஹேச்சரியில் கீட்டோசெரோஸ் முதல் இரண்டு நாள் அழகான பழுப்பு நிறத்தில் வருகிறது. மூன்றாம் நாள் அடியில் படிந்து திரிதிரியாகிறது. நைட்ரேட்டைக் கூட்டியும் பயனில்லை. என்ன குறை? – ஆல்கா பிரிவுத் தொழில்நுட்பர், மரக்காணம்

நைட்ரேட்டைக் கூட்டியதுதான் திசை தவறிய வைத்தியம். கீட்டோசெரோஸ் ஒரு டயட்டம். பெரும்பாலும் உங்கள் தொட்டியில் தீர்ந்துபோனது அதன் ஓட்டுக்கு வேண்டிய சிலிகேட்.

நீங்கள் எஃப்/2 ஊடகம் (பாசி வளர்க்கும் சத்துக் கலவை) போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதன் அளவு லிட்டருக்கு: சோடியம் நைட்ரேட் 75 மில்லிகிராம், சோடியம் பாஸ்பேட் 5 மில்லிகிராம், ஒன்பது நீர் மூலக்கூறு கொண்ட சோடியம் சிலிகேட் 30 மில்லிகிராம். மோல் கணக்கில் இவை நைட்ரஜன் 882, பாஸ்பரஸ் 36, சிலிக்கான் 106 மைக்ரோமோல். டயட்டம் சத்து நிறைவாக வளரும்போது நைட்ரஜனும் சிலிக்கானும் ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று எடுக்கும். ஆக 100 மைக்ரோமோல் சொச்சம் நைட்ரஜன் செலவாகும்போதே சிலிகேட் காலி. இன்னும் 700-க்கு மேல் நைட்ரேட் தொட்டியில் சும்மா கிடக்கும். அதன் மேல் இன்னும் கொட்டினால் கெட்ட பாக்டீரியாவுக்குத்தான் விருந்து. ஹேச்சரிகளில் புழங்கும் வேறு சில வாய்பாடுகளில் சிலிகேட் இதைவிடவும் குறைவு. பச்சைப்பாசிக்கு அது போதும், டயட்டத்துக்குப் போதாது.

சரிசெய்யும் முறை, 1000 லிட்டர் தொட்டிக்கு: நைட்ரேட் 75 கிராம், பாஸ்பேட் 5 கிராம் வழக்கம்போல். சிலிகேட் மொத்தம் 60 கிராம். விதை போடும் அன்று 30, இரண்டாம் நாள் காலையில் 30. ஒவ்வொரு 30 கிராமையும் தனியாக 1 லிட்டர் நன்னீரில் முழுதாகக் கரைத்து, காற்றுக் கல்லுக்கு மேலே குமிழி எழும் இடத்தில் நூல் போல ஊற்றுங்கள். சிலிகேட் கரைசல் கடும் காரம். இரும்பு, பாஸ்பேட் கரைசலோடு ஒரே வாளியில் கலந்தால் வெண்படிவாக இறங்கி இரண்டும் வீணாகும். ஆட்டோகிளேவில் கடல்நீரோடு சேர்த்து வேகவைத்தாலும் படியும். ஆறிய பிறகு சேர்க்க வேண்டும். கரைசலைக் கண்ணாடிப் புட்டியில் வைக்காதீர்கள், பிளாஸ்டிக் கேன் நல்லது.

அதற்கு முன் குறை சிலிகேட்தான் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். படிந்த தொட்டியை நன்றாகக் கலக்கி, நான்கு 1 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் எடுங்கள். ஒன்றில் சிலிகேட் மட்டும், ஒன்றில் நைட்ரேட் மட்டும், ஒன்றில் பாஸ்பேட் மட்டும், நான்காவதில் எதுவும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் ஒரே வெளிச்சம், ஒரே காற்று. 24 மணி நேரம் கழித்துக் காற்றை நிறுத்தி அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். எந்தப் பாட்டில் மேலே பழுப்பாக நிற்கிறதோ, அதில் போட்டதுதான் குறை.

நான்குமே படிந்தால் பி.எச். பாருங்கள். செழித்த தொட்டியில் பகல் வெளிச்சத்தில் கரியமில வாயு தீர்ந்து பி.எச். 9-ஐத் தாண்டும். அப்போது கால்சியமும் மக்னீசியமும் வெண்துகளாகப் பிரிந்து செல்களை வாரிக்கொண்டு இறங்கும். அதற்குச் சத்து மருந்தாகாது. காற்றைக் கூட்டுங்கள், அல்லது முன்கூட்டியே அறுவடை செய்யுங்கள். தொட்டியின் மூலையில் மட்டும் படிவு என்றால் அது கல்லின் இடக்கோளாறு, பாசியின் கோளாறு அல்ல.

ஒரு தடவை படிந்து திரியான பாசியைக் கலக்கி, சோயியா எனும் இளம்பருவ இறால் குஞ்சுக்கு உணவாகப் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பசித்த டயட்டம் பசை போன்ற சர்க்கரைப் பொருளைக் கக்குகிறது. அது குஞ்சின் கால்மயிரில் ஒட்டி நீந்த விடாது.

கே: நைட்ரஜன் இல்லாவிட்டால் பாசி எண்ணெய் சேர்க்கும் என்று படித்தேன். எண்ணெய் லேசு என்றால் பசித்த பாசி மிதக்கத்தானே வேண்டும்? – மாணவர், திருநெல்வேலி

அழகான வாதம்தான், அளவுதான் இடிக்கிறது. எண்ணெயோடு மாவுப்பொருளும் சேருகிறது, ஓடும் அப்படியே இருக்கிறது. 860-க்கும் 1025-க்கும் இடைவெளி 165. 1500-க்கும் 1025-க்கும் 475. ஒரு பங்கு மாவுப்பொருளைச் சமன்செய்ய மூன்று பங்கு எண்ணெய் வேண்டும். ஓட்டையும் சேர்த்தால் கதை முடிந்தது. எண்ணெய் இறக்கத்தைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவே.

கே: நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட், இரும்பு – எது குறைந்தாலும் ஒரே மாதிரிதான் மூழ்குமா? – கடல் உயிரியல் முதுகலை மாணவி, தூத்துக்குடி

இல்லை. எது குறைகிறது என்பதைப் பொறுத்து, செல்லுக்குள் உடைந்துபோகும் வேலை வேறு.

1982-இல் பீன்ஃபாங், ஹாரிசன், குவார்ம்பி மூவரும் நான்கு கடல் டயட்டங்களை ஒவ்வொரு சத்தாகப் பட்டினி போட்டு அளந்தார்கள். மூழ்கும் வேகம் தெளிவாக ஏறியது சிலிகேட் தீர்ந்தபோதுதான். நைட்ரேட், பாஸ்பேட் விஷயத்தில் இனத்துக்கு இனம் பதில் மாறியது. இதில் ஒரு முரண் இருப்பதைக் கவனியுங்கள். சிலிக்கா இல்லையென்றால் ஓடு மெலிய வேண்டும், எடை குறைய வேண்டும். ஆனாலும் வேகமாக இறங்குகிறது. ஆகவே இது ஓட்டின் எடை மட்டும் தீர்மானிக்கிற விஷயம் அல்ல. சிலிக்கா இல்லாமல் டயட்டம் புது ஓடு கட்ட முடியாது. ஓடு கட்டாமல் பிரிய முடியாது. செல் சுழற்சியே நடுவில் நின்றுபோகிறது. அந்த நிலையில் அயனிகளை ஒழுங்குபடுத்தும் வேலையும் தளர்கிறது.

நைட்ரஜன் பட்டினியில் புரத உற்பத்தி நிற்கும். ஒளிச்சேர்க்கை மட்டும் கொஞ்ச நாள் ஓடும். வரும் கார்பனுக்குப் போக்கிடம் இல்லாததால் மாவுப்பொருளாகக் குவியும், மீதி வெளியே பசையாகக் கசியும். பசை செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். தனிச் செல்லுக்கு நாளுக்கு 1 மீட்டர் என்றால், திரண்ட துணுக்கு நாளுக்கு 50 முதல் 200 மீட்டர் வரை போகும். கடற்பனி என்று சொல்கிறோமே, அது இது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பசை தனியாக நீரைவிட லேசு. ஒட்டவைக்கும் வேலையால்தான் மூழ்கடிக்கிறது. பசை அதிகம், செல் குறைவு என்றால் திரள் மேலே போவதும் உண்டு.

பாஸ்பரஸைச் செல் பாலிபாஸ்பேட்டாகச் சேமித்து வைத்திருக்கும். அதனால் நீரில் பாஸ்பேட் தீர்ந்த அன்றே விளைவு தெரியாது. இதைக் கவனிக்காமல் இரண்டு நாளில் சோதனையை முடித்துவிட்டு, ‘பாஸ்பரஸுக்கு விளைவில்லை’ என்று எழுதிவிடுவது மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

இரும்புக் குறைவு தனி ரகம். இரும்பு இல்லாமல் நைட்ரேட்டைப் பயன்படுத்துவது கடினம், ஆனால் சிலிக்கா எடுப்பது தடைபடுவதில்லை. ஹட்சின்ஸ்–புரூலண்ட் இணையும், தகேடாவும் 1998-இல் நேச்சர் இதழில் தனித்தனியாகக் காட்டியது இதுதான்: இரும்பு குறைந்த நீரில் டயட்டம் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு இரண்டு மூன்று மடங்கு சிலிக்கா எடுக்கிறது. தடித்த ஓடு, தளர்ந்த உடல். இங்கே ஓட்டின் எடையும் சேர்ந்துகொள்கிறது.

டயட்டத்தை விட்டு வெளியே போனால் விதி இன்னும் மாறும். சுண்ணாம்புத் தகடு அணிந்த எமிலியானியா, பாஸ்பேட் குறைந்தால் செல்லுக்கு அதிகச் சுண்ணாம்பு சுமக்கும். சுண்ணாம்பின் அடர்த்தி 2700. நீந்தத் தெரிந்த டைனோஃபிளாஜெல்லேட்டுகள் மூழ்குவதற்குப் பதில் இரவில் கீழே நீந்திப்போய் நைட்ரேட் எடுத்துவரும்.

கே: கல்லூரி ஆய்வகத்தில் மூழ்கும் வேகத்தை அளக்க எளிய முறை உண்டா? விலை உயர்ந்த கருவி எங்களிடம் இல்லை. – உதவிப் பேராசிரியர், நாகர்கோவில்

உண்டு. பீன்ஃபாங் 1981-இல் வெளியிட்ட ‘செட்கால்’ முறை. ஒரு நிமிர்ந்த குழாய், ஒரு கடிகாரம், எண்ணுவதற்கு ஒரு வழி, இவ்வளவுதான் தேவை.

உள்விட்டம் 4 சென்டிமீட்டர், உயரம் 50 சென்டிமீட்டர் உள்ள தெளிந்த அக்ரிலிக் குழாய் எடுங்கள். கொள்ளளவு 628 மில்லிலிட்டர். அடியிலிருந்து 5 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு துளையிட்டு ரப்பர் அடைப்பான் வையுங்கள், அடியிலும் ஒரு திறப்பு இருக்கட்டும். முழுக் குழாயையும் ஒரு வாளி நீரில் நிறுத்துங்கள், நீர் குழாயின் உச்சி வரை சூழ வேண்டும்.

பாசிக் கரைசலை மெதுவாகப் புரட்டிக் கலந்து, ஒரு மாதிரி எடுத்து எண்ணிவிட்டு, குழாயில் விளிம்பு வரை ஊற்றி, காற்று இடைவெளி இல்லாமல் மூடுங்கள். கறுப்புத் துணி போர்த்துங்கள். 3 மணி நேரம் கழித்து, முதலில் மேல்நீரை அந்தத் துளை மட்டம் வரை துளித்துளியாக வடித்துவிட்டு, பிறகு அடியில் மிஞ்சிய 62.8 மில்லிலிட்டரை அலசி எடுங்கள். மேல்நீரையும் ஒருமுறை எண்ணி வையுங்கள். இரண்டும் சேர்ந்து தொடக்க எண்ணிக்கைக்கு வரவில்லையென்றால் செல்கள் சுவரில் ஒட்டியிருக்கின்றன.

கணக்கு: தொடக்கத்தில் மில்லிலிட்டருக்கு 1000 செல். முடிவில் அடிநீரில் 1900. கூடுதல் 900 × 62.8 = 56,520 செல். குழாயில் மொத்தம் 6,28,000. விகிதம் 0.09. இதை உயரம் 0.5 மீட்டரால் பெருக்கி 3 மணியால் வகுத்தால் மணிக்கு 0.015 மீட்டர்; நாளுக்கு 36 சென்டிமீட்டர். செல் எண்ணிக்கைக்குப் பதில் குளோரோஃபில் அளந்தாலும் இதே கணக்குத்தான். விகிதம் என்பதால், பசித்த செல் வெளுத்துக் குளோரோஃபில் குறைந்திருந்தாலும் விடை பிசகாது.

பிசகும் இடங்கள் வேறு. முதலாவது வெப்பம். குழாயின் ஒரு பக்கம் ஜன்னல் வெயிலோ மறுபக்கம் மின்விசிறிக் காற்றோ பட்டால் உள்ளே நீர் சுழல ஆரம்பித்துவிடும், செல் இறங்காது. வாளி நீர் அதற்குத்தான். நீர் மட்டத்துக்கு மேல் குழாய் நீட்டிக்கொண்டிருந்தால் அதன் பயன் போச்சு. நீரின் வெப்பநிலையைக் கட்டாயம் குறித்து வையுங்கள். 10 டிகிரி நீரைவிட 30 டிகிரி நீர் இளகியது. அதே செல் 1.6 மடங்கு வேகமாக விழும். வெளிநாட்டுக் குளிர்நீர் அளவோடு நம் ஊர் அளவை ஒப்பிடுபவர்கள் இதை மறந்துவிட்டுச் சத்தின்மேல் பழி போடுவார்கள்.

இரண்டாவது நேரம். நாளுக்கு 1 மீட்டர் இறங்கும் செல் 12 மணி நேரத்தில் குழாய் முழுதையும் கடந்துவிடும். இரவு வைத்துவிட்டுக் காலையில் வந்தால் எல்லாம் அடியில் இருக்கும். விகிதம் 1-ஐ நெருங்கும். கிடைப்பது வேகம் அல்ல, ‘குறைந்தது இவ்வளவு’ என்ற எல்லை மட்டும்.

மூன்றாவது லுகால் அயோடின். எண்ணும் மாதிரியில் போடலாம், குழாயில் ஊற்றும் மாதிரியில் போடவே கூடாது. லுகால் செல்லைக் கொன்று கனமாக்குகிறது. எண்ணும் அறையில் செல் சீக்கிரம் படிய அது உதவுவதே அதனால்தான். ஆனால் வேண்டுமென்றே ஒரு குழாயில் கொன்ற செல், இன்னொன்றில் உயிர்ச்செல் என்று வைத்தால், இரண்டின் வித்தியாசத்திலிருந்து செல் தன் முயற்சியால் எவ்வளவு தாங்கிக்கொண்டிருக்கிறது என்று ஓரளவு மதிப்பிடலாம்.

பட்டினிச் சோதனைக்கு எஃப்/2-வை அப்படியே எடுத்தால் எப்போதும் சிலிகேட்தான் முதலில் தீரும். நைட்ரஜன் பட்டினி வேண்டுமானால் நைட்ரேட்டை 50 மைக்ரோமோலுக்கு இறக்குங்கள். சிலிகேட் பட்டினி வேண்டுமானால் கண்ணாடிக் குடுவையைத் தூக்கி வையுங்கள். போரோசிலிகேட் கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாகச் சிலிக்காவைக் கசியவிட்டு உங்கள் பட்டினியைக் கெடுக்கும். பாலிகார்பனேட் குடுவை வாங்குங்கள். பாஸ்பரஸுக்கு, முன்பு சொன்ன சேமிப்புக் காரணத்தால், பாஸ்பேட் இல்லாத ஊடகத்துக்கு இரண்டு தடவை மாற்றி வளர்த்த பிறகே அளவிட வேண்டும்.

கே: மூழ்கினால் வெளிச்சம் போய்விடும். பிறகு ஏன் இப்படி ஒரு ஏற்பாடு? எல்லாமே மிதக்கும்படி அமைந்திருக்கலாமே. – வாசகர், புதுச்சேரி

மேலே வெளிச்சம் இருக்கிறது, சத்து இல்லை. கீழே சத்து இருக்கிறது, வெளிச்சம் இல்லை. ஒரே இடத்தில் நிற்பவனுக்கு இரண்டும் கிடைக்காது.

அசையாத செல்லைச் சுற்றி, அது தானே உறிஞ்சிக் காலி செய்த நீர் ஒரு போர்வையாக நிற்கும். விழும்போது அந்தப் போர்வை மெலிகிறது. ஆனால் இந்த லாபம் எல்லோருக்கும் இல்லை. 20 மைக்ரோமீட்டர் செல் நாளுக்கு 1 மீட்டர் விழுந்தால் கிடைக்கும் கூடுதல் சத்து, நம் கணக்கில், 2 சதவீதம்தான். 200 மைக்ரோமீட்டர் செல் நாளுக்கு 10 மீட்டர் விழுந்தால் 75 சதவீதத்துக்கு மேல். சின்னவனுக்கு மூழ்குவது வெறும் நஷ்டம், பெரியவனுக்கு அதுவே உத்தி.

பெரியவர்கள் அதை எப்படிக் கையாளுகிறார்கள் என்பதற்கு நல்ல சாட்சி காஸ்சினோடிஸ்கஸ் வைலெசி. மாத்திரை வடிவ டயட்டம், வெறுங்கண்ணுக்கே புள்ளியாகத் தெரியும். ஜெம்மெல், வில்லரியல் குழுவினர் 2016-இல் இதை ஒளிப்படக் கருவியின் முன் விழவிட்டுப் பார்த்தார்கள். அது சீராக விழவில்லை. ஏறக்குறைய நிற்கிறது, சட்டென்று நொடிக்கு 700 மைக்ரோமீட்டருக்கு மேல் பாய்கிறது, மறுபடி நிற்கிறது. எல்லாம் சில நொடிக்குள். நீரில் சத்து எவ்வளவு என்பதைப் பொறுத்து இந்த நின்று–விழும் போக்கும் மாறுகிறது. உயிரற்ற மணலாக நினைத்து வேகம் கணக்கிட்டவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி.

இன்னும் துணிச்சலானது ரைசோசொலேனியா. வட பசிபிக்கின் நடுப்பகுதியில் இதன் நீண்ட குழல் செல்கள் பின்னிப் பாயாகி, 100 மீட்டருக்குக் கீழே உள்ள நைட்ரேட் அடுக்குக்கு இறங்குகின்றன. அங்கே பையை நிரப்பிக்கொண்டு, மணிக்குச் சில மீட்டர் வேகத்தில் மேலேறுகின்றன. மேலேறும் பாய்களைப் பிடித்து உடைத்துப் பார்த்தால் உள்ளே நைட்ரேட் நிறைந்திருக்கிறது. இறங்குபவற்றில் அது வற்றி, மாவுப்பொருள் மிகுந்திருக்கிறது. வில்லரியல் குழு 1993-இல் நேச்சர் இதழில் எழுதியது இதைத்தான். பசியில் இறங்கி, பசியாறி ஏறும் பாசி.

கே: மன்னார் வளைகுடாவில் ‘பூங்கோரை’ வந்தால் கடல் மேலே பச்சையாக விரிகிறது. அது மட்டும் மூழ்காதது ஏன்? – நாட்டுப்படகு மீனவர் சங்க உறுப்பினர், மண்டபம்

அது நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிரி. அரை மில்லிமீட்டர் அளவு வரும் பெரிய உருண்டை, கிட்டத்தட்ட முழுக்க நுண்குமிழ்ப்பை. அந்தச் சாறு அமிலம்; அதில் லேசான அம்மோனியம் அயனி சேர்ந்திருக்கிறது, கனமான சல்பேட் தள்ளப்பட்டிருக்கிறது. அதனால் இது உண்மையிலேயே மிதக்கிறது, தானாக மேலேறுகிறது. நம் பக்கத்துப் பச்சை நாக்டிலூகாவின் உள்ளே குடியிருக்கும் நுண்பச்சைப்பாசிகளால் அந்த நிறம்.

மேலே சொன்ன விதி இங்கே தலைகீழ். இது மற்ற உயிரிகளை விழுங்கியும் வாழும். வயிறு நிறைந்தது கனம். பட்டினி கிடப்பது உப்பி லேசாகி மேலே வரும். கடல் மேற்பரப்பில் கெட்டியாகத் திரண்டு நிற்பது பல நேரம் பெருக்கத்தின் தொடக்கம் அல்ல, முடிவுக் கட்டம். சாகும்போது உள்ளிருக்கும் அம்மோனியா நீரில் கலக்கிறது, அழுகல் ஆக்சிஜனை உறிஞ்சுகிறது. 2019 செப்டம்பர்–அக்டோபரில் மண்டபம் அருகே தீவுகளில் மீனும் பவளமும் செத்தது அந்த ஆக்சிஜன் பஞ்சத்தால். அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலை நீலமாக ஒளிர்ந்ததும் நாக்டிலூகாவின் வேலைதான்.

கே: கடலில் மரத்தூள் கொட்டியது போல மிதப்பது? – அதே வாசகர்

டிரைக்கோடெஸ்மியம். நீலப்பச்சைப்பாசி. செல்லுக்குள் காற்றுப் பைகள். அவற்றின் சுவர் கெட்டி, சில இனங்களில் 30 வளிமண்டல அழுத்தத்துக்கு மேலும் தாங்கும். பகலெல்லாம் மாவுப்பொருள் சேர்ந்து கனத்தால் இறங்கும், இரவில் அது எரிந்ததும் ஏறும். நைட்ரஜனைக் காற்றிலிருந்தே எடுப்பதால் இதற்குத் தட்டுப்பாடு பாஸ்பரஸும் இரும்பும்தான். பாஸ்பரஸ் இல்லாமல் மாவுப்பொருள் செலவாகாமல் குவிய, அந்தச் சுமையோடு ஆழத்துக்குப் போய்ப் பாஸ்பேட் எடுத்துவருகிறது என்ற கருத்து உண்டு. ஆழத்திலிருந்து ஏறிவர அந்தக் கெட்டியான பைகள் தேவைதான்.

கே: கடலில் இரும்பு தூவினால் பாசி பெருகி, மூழ்கி, கரியமில வாயுவை ஆழத்துக்குக் கொண்டுபோகும் என்கிறார்களே, இந்தியாவும் செய்து பார்த்ததா? – வாசகர், கோவை

பார்த்தது. 2009 தொடக்கத்தில் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெக்னர் நிறுவனமும் சேர்ந்து, போலார்ஸ்டெர்ன் கப்பலில் தென் அட்லாண்டிக்குப் போய், சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பு இட்டன. பெயர் லோஹாஃபெக்ஸ், லோஹா என்றால் இந்தியில் இரும்பு. பாசி பெருகியது, ஆனால் டயட்டம் வரவில்லை. அந்த நீரில் சிலிகேட் ஏற்கெனவே தீர்ந்திருந்தது. சாட்டை போன்ற இழையால் நீந்தும் சின்னஞ்சிறு கசையுயிரிகள்தான் கிளம்பின, அவற்றை மேய்ச்சல் உயிரிகள் அங்கேயே தின்றன. ஆழத்துக்குப் போனது சொற்பம்.

2004-இல் தென் பெருங்கடலில் நடந்த ஐஃபெக்ஸ் சோதனையில் சிலிகேட் தாராளம். பெரிய டயட்டங்கள் பெருகி, பிறகு திரண்டு விழுந்து, பெருக்கத்தில் குறைந்தது பாதி 1000 மீட்டருக்குக் கீழே போனதாக 2012-இல் முடிவு வெளியானது. இரும்பு உண்ட டயட்டம் முதலில் லேசாகி மேலே நிற்கும். இரும்பு தீர்ந்த பிறகுதான் கூட்டமாக இறங்கும். தூவிய மறுவாரமே அளந்துவிட்டுத் தோல்வி என்பதும் வெற்றி என்பதும் அவசரம்.

கே: வங்காள விரிகுடாவில் பாசி குறைவு என்கிறார்கள். ஆனால் அடியில் சேரும் கார்பன் குறைவில்லையாமே? – கல்லூரி மாணவர், கடலூர்

கங்கை, பிரம்மபுத்திரா நன்னீர் மேலே மூடிபோல் நிற்பதால் கீழிருந்து சத்து எளிதில் ஏறுவதில்லை. அதனால் விளைச்சல் குறைவு. ஆனால் அதே ஆறுகள் கொண்டுவரும் களிமண், பசைத் திரளில் ஒட்டிச் சுமையாகிறது. வழியில் பாக்டீரியா தின்று முடிப்பதற்குள் திரள் ஆழத்தைத் தொட்டுவிடுகிறது.

கே: பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை நேரில் காட்ட முடியுமா? – அறிவியல் ஆசிரியை, கும்பகோணம்

முடியும். ஹேச்சரியில் கேட்டால் அரை லிட்டர் கீட்டோசெரோஸ் அல்லது தலாசியோசைரா என்ற இன்னொரு டயட்டம் கிடைக்கும். இரண்டு பிளாஸ்டிக் பாட்டிலில் பிரித்து, ஒன்றில் மட்டும் எஃப்/2 அளவில் எல்லாச் சத்தும் இட்டு, சிலிகேட்டை இரட்டிப்பாகப் போடுங்கள். மற்றது அப்படியே இருக்கட்டும். நேரடி வெயில் படாத ஜன்னலோரம் மூன்று நாள், காலை மாலை மெதுவாகப் புரட்டிவிட வேண்டும். நான்காம் நாள் இரண்டையும் ஒரே உயரமுள்ள இரண்டு அளவு உருளைகளில் ஊற்றி, பின்னால் வெள்ளைத் தாள் வைத்து, மணிக்கு ஒருமுறை மேல்நீர் எவ்வளவு தெளிந்தது என்று ஸ்கேலால் அளக்கச் சொல்லுங்கள். உருளையை மேசையில் தட்டாமல் இருக்க ஒரு பிள்ளையைக் காவல் போட்டுவிடுங்கள். பாதிச் சோதனை கெடுவது அதனால்தான்.